குடிகாரக் குருவும் அவருடைய வாசகர்களும்

1940-ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலண்டனில் ஒரு நாவல் வெளிவந்தது. அச்சிட்டவை 3,500 படிகள் மட்டுமே. இரண்டு மாதங்களுக்குள் இட்லரின் படைகள் ஆலந்துக்குள்ளும் பெல்ஜியத்துக்குள்ளும் புகுந்துவிட்டபடியால், தொலைதூர மெக்சிகோவில் நடக்கும் கதையொன்றைத் தேடிப் படிக்கும் மனநிலை அப்போது பலருக்கும் இருந்திருக்க முடியாது. அந்நாவல் கிரகாம் கிரீன் எழுதிய 'தி பவர் அண்ட் தி குளோரி'. திருப்பலியில் ஆண்டவர் கற்பித்த செபத்தைத் தொடர்ந்து நாம் சொல்லும் புகழுரையிலிருந்து எடுக்கப்பட்ட தலைப்பு. தமிழில் 'வல்லமையும் மாட்சியும்' எனலாம்.

வகையால் அது ஒரு துரத்தல் கதை. ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு குரு மிஞ்சியிருக்கிறார். அவரைப் பிடித்துச் சுட்டுக் கொல்லக் காவல்துறையின் துணை அதிகாரி ஒருவர் உறுதி பூண்டிருக்கிறார். இருவருக்கும் ஆசிரியர் பெயரிடவில்லை. பிடிபடுவாரா, தப்புவாரா என்னும் பதைப்பே பக்கங்களைப் புரட்ட வைக்கிறது. கிரீன் தம் நூல்களை 'நாவல்கள்' என்றும் 'பொழுதுபோக்கு நூல்கள்' என்றும் இரண்டாகப் பிரித்துக் காட்டியவர். இதனை நாவல் என்றே வகைப்படுத்தினார். ஆயினும் காலை வேளைகளில் ஊக்கமாத்திரை விழுங்கிக்கொண்டு ஓர் ஒற்றர் கதையை விரைந்து எழுதிய அதே நாள்களில்தான், பிற்பகல்களில் இந்நாவலை எழுதினார் என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். ஒரே மேசையில் எழுதப்பட்ட இரண்டுக்கும் இரத்த உறவு இல்லாமல் போகுமா?

சமயமும் அரசியலும் மோதும் ஒரு மர்மக்கதையை விசுவாசிகள் எவ்வாறு வாசித்தார்கள், திருச்சபைத் தலைமை எவ்வாறு வாசித்தது என்பதே இங்கு நாம் காண விழைவது. முதலில் அம்மண்ணின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும்.

மெக்சிகோவில் திருச்சபைக்கும் அரசுக்கும் இருந்த பகை இருபதாம் நூற்றாண்டில் முளைத்தது அன்று. மூன்று நூற்றாண்டு இஸ்பானிய ஆட்சியில் அங்குத் திருச்சபை பெருநிலக்கிழாராக வளர்ந்திருந்தது. 1850-களின் சீர்திருத்தச் சட்டங்கள் அந்நிலங்களைப் பறித்தன. புரட்சிக்குப்பின் 1917-இல் வந்த அரசியல் சட்டம் குருக்களின் வாக்குரிமையை நீக்கியது. வழிபாட்டு இடங்களை அரசுடைமை ஆக்கியது. எத்தனை குருக்கள் இருக்கலாம் என்று வரையறுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குக் கொடுத்தது. நெடுநாள் ஏட்டளவில் கிடந்த இவ்விதிகளுக்கு 1926-இல் அதிபர் புளுதார்க்கோ எலியாஸ் காயேஸ் கடுந்தண்டனைகளைச் சேர்த்து உயிரூட்டினார். அவருடைய சட்டம் சூலை 31-இல் நடைமுறைக்கு வந்தபோது, ஆயர்கள் நாடெங்கும் பொது வழிபாட்டை நிறுத்திவிட்டார்கள். கோவில் மணிகள் ஓய்ந்தன. நடுமேற்கு மாநிலங்களில் உழவர்கள் 'கிறிஸ்து அரசர் வாழ்க' என்று முழங்கிக்கொண்டு ஆயுதம் ஏந்தினர். 1929 சூன் மாதம், அமெரிக்கத் தூதர் டுவைட் மொரோவின் தரகில் ஓர் உடன்பாடு எட்டப்படும்வரை அப்போர் நீடித்தது. இவ்வுடன்பாட்டில் போராடிய உழவர்களைக் கேட்டவர் எவருமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆயுதத்தைக் கீழே வைத்தபின் அவர்களில் பலர் கொல்லப்பட்டனர்.

உடன்பாட்டின் பயன் எட்டாத மாநிலங்களும் இருந்தன. அவற்றுள் மிகக் கொடியது தபாஸ்கோ. ஆறுகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்து வெக்கையும் கொசுவும் ஆளும் தென்பகுதி அது. அங்கே தோமாஸ் கரிதோ கனபால் என்பவர் 1920-களிலிருந்து 1930-களின் நடுப்பகுதிவரை தனியரசு நடத்தினார். 'செஞ்சட்டையர்' என்னும் இளைஞர் படை அவர் கைவசம் இருந்தது. கோவில்கள் இடிக்கப்பட்டன, தலைநகர் வியாஎர்மோசாவின் பேராலயமும் தப்பவில்லை. கல்லறைகளில் சிலுவை நிற்கக்கூடாது என்று தடை வந்தது. குருவாகப் பணியாற்ற வேண்டுமாயின் திருமணம் செய்திருக்க வேண்டும் என்று சட்டமியற்றப்பட்டது. மகனுக்கு லெனின் என்று பெயரிட்ட இவர், மறுபுறம் பள்ளிகள் கட்டினார்; மதுவிலக்கையும் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். இந்த மதுவிலக்கை நினைவில் இருத்த வேண்டும். இரசம் இல்லையேல் திருப்பலி இல்லை. மது கடத்தற் பொருளாகிவிட்ட ஊரில், பலிபீடத்துக்கு இரசம் தேடும் குருவும் தன் தாகத்துக்குச் சாராயம் தேடும் குடிகாரனும் ஒரே இருட்டுச் சந்தில் நிற்க நேர்கிறது. கிரீனின் கதை முழுவதும் அந்தச் சந்தில்தான் நடக்கிறது.

கிரீன் 1938-இன் வசந்தத்தில் மெக்சிகோ சென்றார். 1926-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். சமயத் துன்புறுத்தலைப் பற்றி நூலெழுத ஒரு பதிப்பகம் அவரை அனுப்பியது. (அதே வேளையில், ஒரு குழந்தை நடிகையைப் பற்றிய அவருடைய திரைப்பட விமரிசனத்துக்காக இலண்டனில் அவதூறு வழக்கு நடந்துகொண்டிருந்தது, தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தபோது அவர் கடல் கடந்து இருந்தார்.) கரிதோ அதற்குள் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தாலும் தபாஸ்கோவில் கோவில்கள் இன்னும் திறக்கப்படவில்லை. அப்பயணத்தின்போதுதான், காடுகளில் பல ஆண்டுகள் ஒளிந்து திரிந்த கடைசிக் குரு ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டார். அவர் ஒரு குடிகாரர். ஓர் ஆண் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கையில் மதுமயக்கத்தில் பிரிஜித்தா என்று பெண்பெயர் வைப்பேன் எனப் பிடிவாதம் பிடித்தாராம். சொன்னவர் அந்தக் குருவைப் பெரிய இழப்பாகக் கருதவில்லை. கிரீனுக்கோ அந்த ஒரு வரிச் செய்தியே விதையாயிற்று. நாவலில் அந்தக் குருவுக்குப் பிறந்த பெண்ணின் பெயர் பிரிஜித்தா.

அப்பயணத்தைப் பற்றி 1939-இல் அவர் எழுதிய நூல் எரிச்சல் மிகுந்தது. வெயில், உணவு, கோவேறுகழுதை, மக்கள் என எல்லாவற்றின்மீதும் வெறுப்பு. அந்த வெறுப்பின் கறை நாவலிலும் படிந்திருக்கிறது என்பது நம் கருத்து. குருவைக் காட்டிக்கொடுப்பவனை, பெயரின்றிக் 'கலப்பினத்தான்' என்றே அழைத்து, மஞ்சள் பற்களையும் காய்ச்சல் நடுக்கத்தையுமே அவனுக்கு அடையாளமாகக் கொடுத்திருப்பது ஓர் ஆங்கிலேயரின் கண். நிலமற்ற உழவனுக்குக் கோவில்மேல் ஏன் கோபம் வந்தது என்பதையும் அக்கண் முழுமையாகக் காணவில்லை. ஆனால் நாவலில் வரும் காவல் அதிகாரி அக்குறையைச் சிறிது ஈடு செய்கிறார். அவர் கைக்கூலி வாங்காதவர், தூய்மையான வாழ்க்கையுடையவர், ஏழைக் குழந்தைகளுக்கு நல்ல உலகம் ஒன்றைத் தர வேண்டும் என்று உண்மையாகவே எண்ணுகிறவர். அந்த எண்ணத்தோடுதான் ஊருக்கு ஒருவரைப் பணயமாகப் பிடித்துச் சுடுகிறார். தபாஸ்கோவில் தாம் அப்படிப்பட்ட ஓர் அதிகாரியைக் காணவில்லை, கதையின் தேவைக்காக உருவாக்க வேண்டியிருந்தது என்று கிரீன் பின்னாளில் எழுதினார். அந்த அதிகாரியின் அலுவலகச் சுவரில் தொங்கும் படமும் கவனிக்கத்தக்கது: பழைய செய்தித்தாளில் வந்த முதல் நன்மை விருந்தின் படம். வெண்ணிற ஆடையணிந்த சிறுமியர், செல்வச் சீமாட்டிகள், அவர்கள் நடுவே கொழுத்த கன்னங்களோடு இளங்குரு ஒருவர். தேடப்படுபவர் அவர்தாம். அந்தப் படத்தைப் பார்க்கும் எந்தப் பங்குக் குருவும் தம் வீட்டு ஆல்பத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளாமல் இருக்க இயலாது.

நாவலில் நெஞ்சை நெருக்கும் இடம் துப்பாக்கிச் சூடு அன்று; ஒரு புட்டி இரசம் காலியாகும் இடமே. திருப்பலிக்கென்று குரு கையிலிருந்த காசையெல்லாம் கொடுத்துக் கள்ளச் சந்தையில் இரசம் வாங்குகிறார். விற்றவனான ஆளுநரின் உறவினனும் மற்றவர்களும் மரியாதைக்காக அவரோடு அமர்ந்து அதைக் குடித்துத் தீர்க்கிறார்கள். 'இது எனக்கு வேண்டும்' என்று சொன்னால் தாம் குரு என்பது தெரிந்துவிடும். கண்ணெதிரே பலிப்பொருள் தீர்ந்துபோவதைப் பார்த்து அழுகிறார். அவர்கள் அதைக் குடிகாரனின் அழுகை என்று கருதிக்கொள்கிறார்கள். மர்மக்கதையின் உத்தியும் இறையியலும் இவ்வளவு நெருங்கி நிற்கும் பக்கங்களை நாம் வேறெங்கும் வாசித்ததில்லை.

இனி வாசகர்களுக்கு வருவோம். 1941-இல் இந்நூலுக்கு இங்கிலாந்தின் ஹாதோர்ன்டன் பரிசு கிடைத்தது. போருக்குப்பின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு பிரான்சுவா மோரியாக்கின் முன்னுரையோடு வந்தபோதுதான் ஐரோப்பியக் கத்தோலிக்கரிடையே பரபரப்பு உண்டாயிற்று. 1947-இல் கத்தோலிக்க இயக்குநர் ஜான் ஃபோர்டு, ஹென்றி ஃபோண்டாவைக் குருவாக நடிக்க வைத்து இதைத் திரைப்படமாக்கினார். அப்படத்தில் குரு மாசற்றவர். குழந்தைக்குத் தகப்பன் காவல் அதிகாரி! வாசகர் பலரின் மனத்திலிருந்த விருப்பத்தை ஃபோர்டு திரையில் நிறைவேற்றினார் என்றே கொள்ள வேண்டும். துன்புறுத்தப்படும் குரு தூயவராயிருக்க வேண்டும். துன்புறுத்துகிறவன் கயவனாயிருக்க வேண்டும். கணக்கு நேராகிவிடுகிறது. படத்தில் ஒளியும் நிழலும் அழகாகவே இருக்கின்றன, கதைதான் இல்லை.

உரோமையிலும் புகார் சென்றது. விசுவாச ஒழுங்கைக் காக்கும் திரு அலுவலகம் நூலை ஆலோசகர் இருவரிடம் ஆய்வுக்குக் கொடுத்தது. இருவருக்கும் நூல் மகிழ்ச்சி தரவில்லை. எனினும் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்ப்பதற்குப் பதிலாக, ஆயர் வழியாக ஆசிரியருக்கு அறிவுரை சொன்னால் போதும் என்ற முடிவு எடுக்கப்பட்டது. 1953 நவம்பர் 17-ஆம் நாள் திரு அலுவலகச் செயலர் கர்தினால் பிட்சார்தோ, வெஸ்ட்மின்ஸ்டர் பேராயர் கர்தினால் கிரிஃபினுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு கிரிஃபின் கிரீனை அழைத்து அதைப் படித்துக் காட்டினார். நூல் முரண்போக்கானது, அசாதாரணச் சூழ்நிலைகளைக் கையாள்கிறது, திருத்தமின்றி மறுபதிப்புச் செய்யலாகாது. நூல் வெளிவந்து 14 ஆண்டுகள் கடந்திருந்தன. பதிப்புரிமை பல நாட்டுப் பதிப்பகங்களிடம் இருப்பதால் தம்மால் ஒன்றும் செய்ய இயலாது என்று கிரீன் பணிவோடும் தந்திரத்தோடும் பதில் அனுப்பினார். விவகாரம் அத்தோடு அடங்கிற்று.

அக்கால அதிகாரிகளைக் குறுகிய மனத்தினர் என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமாகாது. அந்த ஆண்டுகளில் கீழை ஐரோப்பாவில் நடந்தவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1946-இல் யுகோசுலாவியாவில் பேராயர் ஸ்தெபினாச் சிறைத்தண்டனை பெற்றார். 1949-இல் அங்கேரியில் கர்தினால் மின்ட்சென்டி குற்றக்கூண்டில் நிறுத்தப்பட்டார். பிட்சார்தோவின் கடிதத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 1953 செப்டம்பர் 25-ஆம் நாள், போலந்தின் கர்தினால் விஷின்ஸ்கி கைது செய்யப்பட்டார். குருக்கள் ஒழுக்கங்கெட்டவர்கள், மக்களின் பகைவர்கள் என்பதே அந்த அரசுகளின் பரப்புரை. அத்தகைய வேளையில், புகழ்பெற்ற கத்தோலிக்கர் ஒருவர், சாராயம் குடிப்பவரும் தவறான உறவில் பிள்ளை பெற்றவருமான ஒரு குருவை மறைசாட்சியின் இடத்தில் நிறுத்துகிறார். உரோமையில் இருந்த ஒருவருக்கு அது எதிரியின் கையில் எடுத்துக் கொடுத்த கல்லாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. இது நம் ஊகமே. ஆயினும் அக்கடிதத்தை அதன் காலத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

அதே உரோமையில் வேறு விதமாக வாசித்தவர்களும் இருந்தார்கள். இது 2001-இல்தான் வெளியே தெரிந்தது; அந்த ஆவணக் கட்டைப் பார்க்க அனுமதி பெற்ற பீட்டர் காட்மன் என்னும் ஆய்வாளர் அதை வெளியிட்டார். 1953 அக்டோபரில் வத்திக்கான் செயலகத்தைச் சேர்ந்த ஒரு மொன்சிஞ்ஞோர், நூல் துயரம் மிக்கதாயினும் இலக்கியத் தரம் உயர்ந்தது, இன்னொருவரிடமும் கருத்துக் கேட்பது நலம் என்று பிட்சார்தோவுக்கு எழுதினார். அவர் பரிந்துரைத்த அறிஞரான தந்தை ஜுசெப்பே தெ லூக்கா, நூலுக்காக உருக்கத்தோடு வாதாடினார். அம்முயற்சி முடிவை மாற்றவில்லை. எழுதிய மொன்சிஞ்ஞோரின் பெயர் ஜொவான்னி பத்திஸ்தா மொந்தீனி. பத்து ஆண்டுகளில் அவர் திருத்தந்தை ஆறாம் பவுல் ஆனார்.

1965-இல் கிரீன் அவரைச் சந்தித்தார். திருத்தந்தை இந்நாவலைப் படித்திருப்பதாகச் சொன்னார்; அதைத் திரு அலுவலகம் கண்டித்ததே என்றார் கிரீன். கண்டித்தவர் யார் என்று திருத்தந்தை கேட்க, பிட்சார்தோவின் பெயரைச் சொன்னார். திருத்தந்தை புன்னகைத்து, உங்கள் நூல்களில் சில பகுதிகள் கத்தோலிக்கர் சிலரை எப்போதும் புண்படுத்தவே செய்யும், அதை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம் என்ற கருத்தில் பதிலளித்தார். கிரீன் நினைவிலிருந்து எழுதிய செய்தி இது. தடைநூற்பட்டியல் அடுத்த ஆண்டே, 1966-இல், வழக்கொழிந்தது. கிரீன் 1991-இல் காலமானார். ஆவணக் கட்டு வெளிவந்தது அதற்குப் பத்து ஆண்டுகள் கழித்து.

இனி இறையியல் கேள்வி. பாவியான குரு நிறைவேற்றும் அருள்சாதனம் செல்லுமா என்பது பழைய வழக்கு. 303-இல் தொடங்கிய தியோக்கிளேசியன் கலாபனையில் அஞ்சித் திருநூல்களை ஒப்படைத்த ஆயர்களின் திருப்பொழிவு செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் பிரிந்து சென்றனர். அவர்கள் கேட்டதும் தூய்மையான குருவைத்தான். புனித அகுஸ்தீனார் நெடுங்காலம் அவர்களோடு வாதிட்டார். திருமுழுக்குக் கொடுப்பவர் யாராயினும் அதில் செயலாற்றுபவர் கிறிஸ்துவே என்பது அவர் நிலை. 1547-இல் திரிதெந்தின் திருச்சங்கம், சாவான பாவத்திலிருக்கும் பணியாளரும் அருள்சாதனத்தை உண்மையாக நிறைவேற்றுகிறார் என்று வரையறுத்தது. குருமடத்தில் இதை ஒரு வரியாக மனப்பாடம் செய்தோம். கிரீன் அந்த வரியைச் சதுப்பு நிலத்தில் நடக்கவிட்டார். அவருடைய குரு தம் ஆன்மா இழக்கப்பட்டது என்றே எண்ணுகிறார். ஆனால் அவர் போய்விட்டால் அந்த மாநிலத்தில் நற்கருணையே இராது. தங்குவதும் ஆணவமோ என்று ஐயுறுகிறார். எல்லையைக் கடந்து பாதுகாப்பான இடம் சேர்ந்தபின்பு, சாகக் கிடக்கும் கொள்ளையனுக்குப் பாவமன்னிப்பு வழங்க அழைப்பு வருகிறது. அது வலை என்று அவருக்குத் தெரியும். திரும்பி வருகிறார்.

நாவலுக்குள்ளேயே வாசகர்கள் இருக்கிறார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஒரு தாய் இரகசியமாக வைத்திருக்கும் மறைசாட்சிக் கதையைத் தன் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறாள். அக்கதையின் ஹுவான் சிறுவயது முதலே குறையற்றவர். துப்பாக்கிகளுக்கு முன் கிறிஸ்து அரசரை வாழ்த்திக்கொண்டு விழுகிறவர். மகள்கள் உருகுகிறார்கள்; மகனுக்குக் கொட்டாவி வருகிறது. அவன் காவல் அதிகாரியின் கைத்துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கிறான். கடைசியில் தங்கள் வீட்டில் ஒருமுறை தங்கிய, சாராய வாடை வீசும் அந்த மனிதர் சுடப்பட்டபின்தான், தாயின் கதை அவனுக்கு உண்மையாகிறது.

இவ்விடத்தில் கிரீன் பக்தி நூல்களைக் கேலி செய்கிறார் என்று வருந்தியவர்கள் உண்டு. உணவறையில் புனிதர் வரலாறு வாசிக்கக் கேட்டு வளர்ந்த நமக்கும் அது சிறிது உறுத்தியதே. ஏனெனில் அத்தகைய குருக்கள் மெய்யாகவே இருந்தார்கள். சேசு சபைத் தந்தை மிகுவேல் புரோ, மெக்சிகோ நகரில் மாறுவேடத்தில் நற்கருணை வழங்கியவர், 1927 நவம்பர் 23-இல் கைகளைச் சிலுவைபோல் விரித்தபடி சுடப்பட்டார். கோழையின் சாவாகக் காட்டலாம் என்று அரசே எடுக்க வைத்த புகைப்படங்கள் பக்திப் படங்களாக வீடு வீடாகப் பரவின. அதே ஆண்டு பிப்ரவரியில் தந்தை மத்தேயோ கொர்ரெயா, கைதிகளின் பாவசங்கீர்த்தனத்தை வெளிப்படுத்த மறுத்ததற்காகக் கொல்லப்பட்டார். 1988-இல் புரோவுக்கு அருளாளர் பட்டமும், 2000 மே 21-இல் கொர்ரெயா உள்ளிட்ட 25 பேருக்குப் புனிதர் பட்டமும் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வழங்கினார். தாய் படித்த கதை பொய்யன்று.

ஆனால் அதே 2000-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், சீன மறைசாட்சிகள் 120 பேரோடு புனிதராக உயர்த்தப்பட்டவர்களில் மாற்கு ஜி தியன்சியாங் என்னும் மருத்துவரும் ஒருவர். வயிற்று நோய்க்கு அபினி உட்கொண்டு அதற்கே அடிமையானவர். விட முயன்றும் இயலாமையால், சுமார் 30 ஆண்டுகள் அருள்சாதனங்கள் மறுக்கப்பட்ட நிலையிலும் கோவிலை விட்டு விலகாமல் வாழ்ந்தவர். 1900-இல் பாக்சர் கிளர்ச்சியில், தம் குடும்பத்தார் எவரும் தனித்துச் சாகக் கூடாது என்பதற்காகத் தம்மைக் கடைசியாகக் கொல்லும்படி கேட்டுக்கொண்டு உயிர்விட்டார். கடைசிவரை அபினியை விட்டவர் அல்லர். கிரீனின் குருவை நம்ப முடியாத பாத்திரம் என்று குறைகூறியவர்கள் இவர் வரலாற்றை அறிந்திருக்க மாட்டார்கள்.

நாவலில் இன்னொரு குரு இருக்கிறார். அவரைப் பற்றி வாசகர்கள் அதிகம் பேசுவதில்லை. தந்தை ஹோசே. உயிருக்கு அஞ்சி அரசின் சட்டப்படி மணம் செய்துகொண்டு, மனைவியின் அதட்டலுக்கும் தெருச் சிறுவர்களின் கேலிக்கும் நடுவே அரசு தரும் உதவித் தொகையில் வாழ்கிறவர். கல்லறையில் ஒரு குழந்தையைப் புதைக்கும் குடும்பம் ஒரு செபம் சொல்லுமாறு அவரைக் கெஞ்சுகிறது, அவர் மறுக்கிறார். தண்டனைக்கு முந்தின இரவு, கைதியின் பாவசங்கீர்த்தனம் கேட்க வருமாறு அந்தக் காவல் அதிகாரியே நேரில் வந்து அழைக்கிறார். தீங்கு வராது என்று வாக்கும் கொடுக்கிறார். அப்போதும் அவர் போகவில்லை. போயிருந்தால் அந்தப் பாவமன்னிப்பு முழுமையாகச் செல்லும். திரிதெந்தின் வாக்கு அவருக்கும் உரியதே. அதிகாரி வெறுங்கையோடு திரும்பாமல், தாம் வெறுக்கும் மதுவை ஒரு புட்டியில் கைதிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். தபாஸ்கோவின் சட்டத்துக்கு அஞ்சி அவ்வாறு மணம் முடித்து வாழ்ந்த குருக்களின் பெயர்கள் எந்த மறைசாட்சிப் பட்டியலிலும் இல்லை. அவர்களும் நற்கருணையைத் தூக்கிப் பிடித்த கைகளை உடையவர்களே. பங்கு மக்கள் நம்மிடம் குடிகாரக் குருவைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஹோசேயைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.